மாந்தோப்பில் ஆயிரத்தெட்டு வடை: மின்சார டிரக்கை நம்பிப் போன புரட்டாசி சனிக்கிழமை

கரண்டே இல்லாத இடத்தில் பத்து லிட்டர் கிரைண்டர் ஓடுமா என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஓடும். ஓட்டிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். இந்த வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதி வரை, என் மகள் தேவகியின் மின்சார டிரக்கில் போனோம். போகிற தூரம் ஐம்பது கிலோமீட்டர். நடுவில் ஒரு மாந்தோப்பில் ஐந்து மணி நேரம் நின்றோம். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் என் மூத்த மகன் வழிப் பேத்தி திருத்துவாள். நேரத்தையும் தேதியையும் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் யாரும் எனக்குத் திருத்த வேண்டியதில்லை.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தேவகிக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, காய்ச்சலில் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலையில் வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்: பிள்ளை எழுந்தால், புரட்டாசி சனிக்கிழமையில் மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு ஆயிரத்தெட்டு வடை சுட்டுப் போடுகிறேன் என்று. எழுந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இந்த வேண்டுதலுக்குச் சட்டம் உண்டு. புத்தூர் தாண்டி, சாலையிலிருந்து முதல் முதலாக மலை தெரிகிற அந்த மாந்தோப்பில்தான் போட வேண்டும். உளுந்தை அங்கேயே அரைக்க வேண்டும்; வீட்டில் அரைத்துக் கொண்டுபோன மாவு கணக்கில் சேராது. பாதியில் நின்றால் அடுத்த முறை முதலிலிருந்து. யாருக்காக வேண்டினோமோ அவர்கள், ஆயிரத்தெட்டும் முடிகிற வரைக்கும் வடையை வாயில் வைக்கக் கூடாது.

அந்த வருஷமே போனோம். இரண்டாம் சனிக்கிழமை. கரண்டுக்குக் கஜபதியின் ஜெனரேட்டர். கஜபதி என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவன். காலை ஒன்பதே காலுக்கு நான்காவது ஈடு அரைந்துகொண்டிருந்தது. நடக்கிறவர்களிடம் பேச ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினார். ஜெனரேட்டர் சிறியது, கிரைண்டரும் மைக்கும் சேர்ந்து ஓடாது. கஜபதி நேராக வந்து என் கிரைண்டர் வயரைத் தன் கையால் பிடுங்கினான். "உங்க வடை எங்க ஓடிப் பூடுது அண்ணி? மைக்குக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். பச்சைச் சட்டை போட்டிருந்தான், பாக்கெட்டில் பேனாக் கறை. பெரிய மனிதர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசி முடிக்கும்போது டீசலும் முடிந்தது, நடக்கிறவர்களும் போய்விட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டோடு நின்றது.

எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், எங்கள் வழக்கம் புளியங்கொட்டை. ஒரு வடை கொடுத்தால் தட்டிலிருந்து ஒரு கொட்டை சொம்புக்குள் போகும். அன்று தட்டில் மிஞ்சிய முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கொட்டைகளை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டு வருஷம் அரிசி எடுக்கும்போதெல்லாம் அது என் கையில் பட்டது.

சும்மா இருந்துவிடவில்லை. மூன்றாம் வருஷம் வேறு ஒருவரின் ஜெனரேட்டரோடு போனேன். அதற்குள் டீசல் சிந்தி இரண்டு மாமரம் பட்டுப்போயிருந்தது; இனி என்ஜின் எதுவும் தோப்புக்குள் வரக் கூடாது என்று தோப்புக்காரர் சொல்லிவிட்டார். ஐந்தாம் வருஷம் ஆட்டுக்கல்லை ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு கிலோவில் என் வலது தோள் விட்டுப்போனது. ஏழாம் வருஷம் மழை. இதற்கு நடுவில் தேவகிக்குக் கல்யாணம் நடந்தது. பங்குனி, வெள்ளிக்கிழமை, மூன்றாவது பந்தி. அவள் இலையில் விழுந்த வடையை நான் எடுத்துவிட்டேன். "பொண்ணுக்கு ஒரு வடைகூட குடுக்காமத்தான் வளத்தாங்களா?" என்று சம்பந்தியம்மா பக்கத்து இலைக்காரியிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இந்தச் சித்திரையில் தேவகி திருப்பதி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற ஒரு சின்ன மின்சார டிரக் வாங்கினாள். ஒரு டன் ஏறும். பேட்டரி இருபத்தைந்து யூனிட் பிடிக்கும். வீட்டில் ராத்திரி போட்டால் காலையில் நிறைந்திருக்கும். லோடு ஏற்றி நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகிறது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒரு நாள் தொட்டியின் இடது பக்கத்தில் ஒரு மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே சுவரில் இருப்பது போலவே இரண்டு பெரிய பிளக் பாயிண்ட்.

"இதுல இன்னா மாட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"எது வேணாலும் மாட்டலாம்மா. ரெண்டும் சேந்து மூவாயிரம் வாட் தாங்கும். டிரில், லைட்டு, மிக்சி..."

"கிரைண்டரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அரிசிப் பானை இருக்கும் பக்கம் பார்த்தேன்.

வியாழக்கிழமை கிரைண்டரை வாடகைக்கு எடுத்து வீட்டு வாசலிலேயே வண்டியில் மாட்டிப் பார்த்தோம். நாள் வாடகை அறுநூறு ரூபாய். ஜோராக ஓடியது. வெள்ளிக்கிழமை உளுந்து பதினான்கு கிலோ, எண்ணெய் பத்து லிட்டர், இரண்டு கேஸ் அடுப்பு, இரண்டு பெரிய கடாய், தண்ணீர் கேன் நான்கு, பதினைந்து மீட்டர் கனமான வயர் எல்லாம் ஏற்றினோம். சாயங்காலம் வண்டிக்குப் பூஜை போட்டேன். எலுமிச்சம்பழம், பூ, சந்தனம், குங்குமம், ஒன்றும் குறை வைக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். தேவகி ஓட்டினாள். நடுவில் நான். ஓரத்தில் என் ஓரகத்தி ராணி, மடியில் உளுந்து ஊறும் வாளி. ராணியின் கைக்கு வடை ஒரே அளவாக விழும், வாய்க்கு அளவு கிடையாது. "அக்கா, வண்டி ஓடுதா, நின்னுகினு கீதா? சத்தமே காணோமே" என்று புத்தூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். இருபத்தாறு கிலோமீட்டர், ஐந்து நாற்பதுக்குத் தோப்பு. நூறாக இருந்த பேட்டரி எழுபத்தேழு காட்டியது. சாலையோரத்தில் ஒரு ஜெனரேட்டரும் நான்கு ஒலிபெருக்கியும் இறங்கிக்கொண்டிருந்தன. கஜபதியேதான். இப்போது தலை நரைத்திருந்தது. நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு முதல் ஈடு உளுந்தைப் போட்டு, சாமி கும்பிட்டு, சுவிட்சைத் தட்டினேன். கல் அரைச் சுற்று சுற்றியது. நின்றது. வண்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. தேவகி அணைத்து மறுபடி போட்டாள். அரைச் சுற்றுகூட இல்லை.

எனக்கு வாய் நிற்கவில்லை. வண்டி விற்றவனைத் திட்டினேன். கிரைண்டர் கொடுத்தவனைத் திட்டினேன். "ரோட்டோரத்துல ஒருத்தன் கண்ணு வெச்சிகினு நிக்கிறான்ல, அதான்" என்று கஜபதிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். இன்றைக்கும் நடக்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் அந்தப் பிள்ளை பந்தியில் வடையைத் தள்ளி வைக்க வேண்டும். முதல் கும்பல் ஏழே காலுக்கு வந்துவிடும் என்று தோப்புக்காரர் சொல்லியிருந்தார்.

தேவகி டார்ச்சை அடித்து மூடிக்குள் எட்டிப் பார்த்தாள். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிறகு, "அம்மா, இங்க யாரு பொட்டு வெச்சது?" என்றாள்.

நான்தான். டயர், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, இத்தனை வேலை செய்யப்போவது இந்த இடம்தானே, இதை எப்படி விடுவது என்று மூடியைத் திறந்து இரண்டு பாயிண்டுக்கும் கெட்டியாகச் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தேன். மூன்று ஓட்டைக்குள்ளும் இறங்கியிருந்தது. மூடி மூடியிருந்ததால் உள்ளே காயவும் இல்லை. ஈரம் பட்டால் ஆளுக்கு அடிக்கக் கூடாது என்று வண்டியே கரண்டை நிறுத்திக்கொள்ளுமாம். வண்டிமேல் குற்றமில்லை. கிரைண்டர்மேலும் இல்லை.

ராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அக்கா, பூவு வெக்க மறந்துட்டியே" என்றாள். இந்த மாதிரி நேரத்தில் சொன்னதை நான் தனியாக வைத்துக்கொள்வேன்.

தேவகி வண்டியை முழுவதும் அணைத்துச் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி பிடுங்கி, நுனியில் காய்ந்த துணியைச் சுற்றி, ஒவ்வோர் ஓட்டையாகத் துடைத்தாள். நான் டார்ச் பிடித்தேன். பக்கத்தில் கஜபதி வந்து நின்றது நிழலில் தெரிந்தது. "இன்னா அண்ணி, கரண்டு வண்டி மக்கர் பண்ணுதா? நம்ம ஜெனரேட்டர்ல ஒரு லைன் இஸ்துக் குடுக்கட்டா?" என்றான். பாவம் பார்த்துக் கேட்டானோ, குத்திக் கேட்டானோ, எனக்கு இன்னும் தெரியவில்லை. "உன் லைனு எனக்கு நல்லாத் தெரியும் கஜபதி, நீ போய் உன் வேலையைப் பாரு" என்றேன்.

நாற்பது நிமிஷம். ஒரு பாயிண்ட்தான் நன்றாகக் காய்ந்தது. மற்றதை மூடியைத் திறந்து வெயில் பார்க்க விட்டோம். ஆறே முக்காலுக்குத் தேவகி மாட்டினாள். "நீயே போடும்மா" என்றாள். தட்டினேன். கல் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, பத்து. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு உளுந்தைத் தள்ளிவிட்டேன்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். என்ஜின் படபடப்பு இல்லை, புகை இல்லை. கல் உளுந்தில் உருளுகிற சத்தமும் மாமரத்துக் கிளியும்தான். தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "ஏமம்மா, கரெண்ட் எக்கட நுஞ்சி?" என்று தெலுங்கில் கேட்டார். எங்கிருந்து கரண்ட் என்கிறார். வயரைக் கையில் பிடித்து, அது போகிற வழியே நடந்து வண்டி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பொகை லேது, ஆயில் லேது. மீரு பிரதி ஏடு ரண்டி" என்றார். புகையும் இல்லை, எண்ணெயும் சிந்தவில்லை, வருஷா வருஷம் வாருங்கள் என்று. டீசல் விஷயத்தில் என்னைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர்.

ஏழு இருபதுக்கு முதல் வடை. கால் வெடித்து மஞ்சள் துணி கட்டியிருந்த ஒரு திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர் கையில் போட்டேன். "ஆயா, சூடு!" என்று கைக்குக் கை மாற்றினார். "சூடாத்தான் இருக்கும், ஊதித் துன்னு" என்றேன். தட்டிலிருந்து ஒரு கொட்டை சொம்பில் விழுந்தது. பிறகு நிற்க நேரமில்லை. இரண்டு கடாயிலும் சேர்த்து ஐந்து நிமிஷத்துக்கு முப்பத்தாறு வடை. ராணி ஒன்றில், நான் ஒன்றில். தேவகி அரைத்தாள். ஒரு ஈடு மாவு சுட்டு முடியும்போது அடுத்த ஈடு தயாராக இருந்தது.

எட்டரைக்குக் கஜபதி மறுபடி வந்தான். இந்த முறை முகம் வேறு மாதிரி இருந்தது. ஜெனரேட்டரைக் கிளப்ப இழுக்கிற கயிறு அறுந்துவிட்டதாம். பஜனைக் கோஷ்டி ஒன்பதரைக்கு வந்துவிடும், மைக் பேசாவிட்டால் அவன் மானம் போய்விடும்.

"அண்ணி, ஒரு லைனு குடுங்க."

தேவகி மெதுவாக, "ரெண்டாவது பாயிண்ட் காஞ்சிடுச்சும்மா. வண்டி தாங்கும்" என்றாள்.

"வண்டி தாங்கும். நான் தாங்க மாட்டேன்" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சொன்னேன்: "உன் மைக்கு எங்க ஓடிப் பூடுது கஜபதி? வடைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. ஞாபகம் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

"சும்மா நிக்காத, இந்தத் தட்ட புடி" என்று புளியங்கொட்டைத் தட்டை அவன் கையில் கொடுத்தேன். மைக் செட் முதலாளி உட்கார்ந்து ஒவ்வொரு வடைக்கும் ஒரு கொட்டை எடுத்துப் போட்டான். அப்போது ஐந்நூறு தாண்டியிருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தபோது நான் எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை. மனதுக்குள் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. "நில்லு. இங்கதான் நீ வயரைப் புடுங்கின" என்றேன்.

"பன்னெண்டு வருசம் ஆச்சே அண்ணி..."

"பன்னெண்டு வருசம் ஒரு வாரம். அது ரெண்டாஞ் சனிக்கெழமை."

அறுநூற்றுப் பதின்மூன்றாவது கொட்டையை அவன் கையாலேயே போடவைத்தேன். சொம்புக்குள் அது விழுந்த சத்தம் மற்றதை விடப் பெரிதாகக் கேட்டது என்று சொன்னால் ராணி நம்பமாட்டேன் என்கிறாள்.

ஒன்பது நாற்பத்தைந்துக்கு ஆயிரத்தெட்டு. கடைசி வடை, நடக்க முடியாமல் பின்தங்கி வந்த ஓர் அம்மாவுக்கு. தட்டு காலி. தட்டைக் கவிழ்த்துக்கூடக் காட்டினான் கஜபதி. பஜனைக் கோஷ்டி அப்போதுதான் தோப்புக்குள் திரும்பியது. நானே போய் அவன் வயரை இரண்டாவது பாயிண்டில் மாட்டினேன். மைக் ஒரு தடவை கீச்சிட்டுப் பேசியது: "பக்த கோடிகளே, இந்த மைக்கு எங்க அண்ணி குடுக்கிற கரண்டுல பேசிகினு கீது." நான் சொல்லச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான். கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பாதி போனது. மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நடக்கிறவர்களின் போன்கள் வேறு, ஒரே நேரத்தில் ஏழெட்டு, வண்டியில் சார்ஜ் ஏறின. எல்லாம் சேர்ந்து பத்தே முக்காலுக்குக் கிளம்பும்போது பேட்டரி ஐம்பத்தாறு. வடையும் மைக்கும் போனும் சேர்ந்து குடித்தது நூற்றில் இருபத்தொரு பங்குதான், ஐந்து யூனிட் சொச்சம்.

திருப்பதிக்கு இன்னும் இருபத்துநாலு கிலோமீட்டர் இருக்கிறது; போகிற வழியிலேயே உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் கிளம்பும் நொடியில் எழுதியிருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால் முதலில் கிரைண்டரைக் கிளப்பிவிட்டு, அது ஓட ஆரம்பித்தபிறகு மற்றதை மாட்டுங்கள். மெல்லிய வயர் சூடாகும், கனமானது வாங்குங்கள், சுருட்டியபடி வைக்காமல் விரித்துப் போடுங்கள். அடுத்து சார்ஜ் போடுகிற இடம் வரைக்கும் (எங்களுக்குத் திருப்பதி மார்க்கெட்) எவ்வளவு வேண்டும் என்று முதலில் பார்த்து, அதைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் செலவு செய்யுங்கள். உளுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும், இரண்டு தவணையாக ஊறப்போடுங்கள். பாயிண்டுக்குள் கம்பி, ஹேர்பின் எதையும் விடாதீர்கள். வண்டியை அணைக்காமல் துடைக்காதீர்கள். பூஜை போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பொட்டை மூடியின் மேல் வையுங்கள்.

அலிபிரியில் படிக்கட்டுக்கு முன்னால் பன்னிரண்டு மணிக்குத் தேங்காய் உடைத்தோம். பிறகு கரகம்பாடி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில், பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்தச் சொன்னேன். தேவகிக்கு எதற்கென்று தெரியாது. தோப்பில் சுட்டதில் அவளுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு ஆறிப்போன வடையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்தரைக்கே ஒரு பிடி உளுந்தைத் தனியாக டப்பாவில் ஊறப்போட்டிருந்தேன். ராணி சீட்டுக்கு அடியிலிருந்து மிக்சியையும் கரண்ட் அடுப்பையும் எடுத்தாள். ஒரு பாயிண்டில் மிக்சி, ஒரு பாயிண்டில் அடுப்பு. அரைத்து, சின்னக் கடாயில் ஊற்றிய எண்ணெய் காய்ந்ததும், ஒரே ஒரு வடை தட்டிப் போட்டேன். ஜூஸ் கடைக்காரர், மார்க்கெட் வண்டிக்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் ஒரு வடையைச் சுற்றி நின்றார்கள்.

தேவகி ஸ்டியரிங்குக்கு முன்னாலேயே உட்கார்ந்து, இலையில் வாங்கி, ஊதி, ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்டி கீது?" என்று கேட்டேன்.

இன்னொரு கடி கடித்துவிட்டுச் சொன்னாள்: "உப்பு தூக்கலா கீதும்மா. இன்னொண்ணு போடு."